30 விநாடிக்குள் எடுத்தால் தப்பித்துவிடலாமா?

கேள்வி: அமெரிக்காவிலிருந்து சினிமா விமர்சன வீடியோ போடுகிறேன். படக் காட்சி 30 விநாடியைத் தாண்டாவிட்டால் ‘ஃபேர் யூஸ்’ (உரிமையாளரின் அனுமதி இல்லாமலே பயன்படுத்தச் சட்டம் தரும் விலக்கு) என்கிறார் ஒருவர்; கொஞ்சம் மாற்றிவிட்டாலே போதும் என்கிறார் இன்னொருவர். எதை நம்புவது?

பதில்: இரண்டையும் நம்பாதீர்கள். அமெரிக்கச் சட்டத்தில் விநாடிக் கணக்கே கிடையாது. 1841-இல் நீதிபதி ஜோசப் ஸ்டோரி ஒரு தீர்ப்பில் வகுத்த அளவுகோல்கள்தான் 1976 பதிப்புரிமைச் சட்டத்தின் 107-ஆம் பிரிவில் நான்கு கேள்விகளாக இடம்பெற்றன: எதற்காக எடுத்தீர்கள், மூலப்படைப்பு எத்தகையது, எவ்வளவு எடுத்தீர்கள், அதன் சந்தை என்ன ஆகும்?

கொஞ்சம்தான் எடுத்தேன் என்ற வாதம் 1985-லேயே அடிபட்டுப்போனது. முன்னாள் அதிபர் ஃபோர்டின் வெளிவராத நினைவுக்குறிப்பு சுமார் 2 லட்சம் சொற்கள். ‘தி நேஷன்’ இதழ் எடுத்ததோ ஏறக்குறைய 300. ஆனால் தனக்கு முந்தைய அதிபர் நிக்சனுக்கு ஃபோர்டு மன்னிப்பு வழங்கிய கதைதான் புத்தகத்தின் உயிர்நாடி. அது முந்திக்கொண்டு வெளியானதால், புத்தகம் வரும் முன்பே அதன் ஒரு பகுதியை வெளியிடவிருந்த ‘டைம்’ இதழ், பதிப்பகத்துக்குத் தரவேண்டிய மீதி 12,500 டாலரைத் தர மறுத்தது. வழக்கில் ‘தி நேஷன்’ தோற்றது.

‘மாற்றினால் போதும்’ என்பது, புதிய நோக்கமோ பொருளோ சேர்த்தால் அது சாதகம் என்று 1994-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஏற்ற கருத்தின் அரைகுறை வடிவம். கீழ் நீதிமன்றங்கள் அதை இஷ்டத்துக்கு இழுத்தன. 2023-இல் கடிவாளம் விழுந்தது. லின் கோல்ட்ஸ்மித் எடுத்த பாடகர் பிரின்ஸின் புகைப்படத்தை வைத்து ஓவியர் ஆண்டி வார்ஹால் உருவாக்கிய படத்தை, வார்ஹாலின் அறக்கட்டளை ஒரு பத்திரிகைக்கு 10,000 டாலருக்கு உரிமம் கொடுத்தது. பாணி வேறுதான், ஆனால் பிரின்ஸ் பற்றிய இதழுக்குப் படம் என்ற வேலை ஒன்றே. அறக்கட்டளை தோற்றது.

ஆகவே ஒவ்வொரு துண்டுக்கும் கேளுங்கள்: இந்தக் காட்சியைப் பற்றியே நான் ஏதாவது சொல்கிறேனா? கதையை ஒப்பித்தபடி பின்னால் காட்சிகளை ஓடவிட்டால் அது படத்துக்கு மாற்றாகிவிடும். 2017-இல் ஒரு விமர்சன வீடியோ, 5 நிமிடம் 24 விநாடி ஓடும் மூலத்தில் 3 நிமிடம் 15 விநாடியை எடுத்தும் வென்றது. துண்டுக்குத் துண்டு நிறுத்தி விமர்சித்திருந்தார்கள். உங்கள் பேச்சு முடியும் இடத்திலேயே காட்சியையும் வெட்டுங்கள். நடிப்பைப் பற்றிப் பேசும்போது பின்னணிப் பாட்டு வேண்டாம். அதன் உரிமை பெரும்பாலும் வேறொருவரிடம் இருக்கும். ‘பதிப்புரிமையை மீறும் நோக்கமில்லை’ என்ற வரிக்குச் சட்டத்தில் மதிப்பில்லை.

உரிமையாளர் கொடுத்த சட்டப்படியான நீக்க அறிவிப்பால் உங்கள் வீடியோ நீக்கப்பட்டால், வீடியோ தளத்துக்கு எதிர் அறிவிப்பு அனுப்பலாம். உரிமையாளர் வழக்குத் தொடராவிட்டால் 10 முதல் 14 வேலைநாட்களில் வீடியோ திரும்ப வர வேண்டும். எதிர் அறிவிப்பில் பொய் சொன்னால் தண்டனை உண்டு. வழக்கைச் சந்திக்கத் துணிவிருந்தால் மட்டும் கையெழுத்திடுங்கள்.