பேர் இல்லாத மிக் வெல்டிங் கன்னுக்கு எந்த டிப் வாங்கறது?

கேள்வி: அண்ணா வணக்கம்ங்க. கோவை பக்கம் கேட், கிரில் பட்டறை வெச்சிருக்கேன். மூடின கம்பெனி ஒண்ணுல இருந்து பழைய மிக் மெஷின் எடுத்தேன், வயரத் தள்ளற ஃபீடர் நல்லா ஓடுது, ஆனா கூட வந்த கன்னுல பேரு, நம்பர் ஒண்ணுமே இல்ல. கடையில காட்டினா எந்த கம்பெனின்னு சொன்னாதான் டிப் (வயர் வெளிய வர்ற செம்பு முனை) தருவோம்ங்கறாங்க. ஒரு கடையில பாத்துட்டு ஒரு டிப் குடுத்தாங்க, த்ரெட்டும் கரெக்டா ஏறிடுச்சு, ஆனா 1.2 வயர் போட்டு கொஞ்ச நேரம் ஓட்டினா டிப் செவந்து போய் வயர் உள்ளயே ஒட்டிக்குது. பழைய டிப் 28 மி.மீ. நீளம், அத மூடி கேஸ் வர்ற நாசில் 84 மி.மீ., நாசில் த்ரெட் இல்லாம சொருகற மாதிரி, உள்ள வெள்ளையா ஓட்டை போட்ட வளையம் ஒண்ணு இருக்கு. பின்னாடி மெஷின்ல மாட்ட யூரோ கனெக்டர். இத யாரு செஞ்சதுன்னு கண்டுபிடிக்க வழி இருக்குங்களா?

பதில்: தம்பி, அளந்து எழுதினீங்க பாருங்க, அதுலயே பாதி வேலை முடிஞ்சிடுச்சு. யாரு செஞ்சதுங்கறத விட எந்த மாடலப் பாத்து செஞ்சதுன்னு கேளுங்க, ஏன்னா பேரில்லாம வர்ற கன் பெரும்பாலும் ஏதாவது ஒரு பெரிய கம்பெனி டிசைன அப்படியே எடுத்து செஞ்சதாத்தான் இருக்கும், அதனால டிப், நாசில், கேஸ பரப்பி விடற டிஃப்யூசர் எல்லாம் அந்த டிசைன் அளவுலதான் வரும், டிசைன் தெரிஞ்சா போதும் பார்ட்ஸ் கெடச்சிடும்.

உங்க கன் ஜெர்மனி பின்சல் கம்பெனியோட 36 மாடல் டிசைன். எப்படின்னா, அந்த கம்பெனி மாடல்ல நாசில் நீளமே காட்டிக் குடுத்துடும். 15 நம்பர் கன்னுக்கு நாசில் 53 மி.மீ., 25க்கு 57, 24க்கு 63.5, 36க்கு 84. அப்புறம் 15லயும் 25லயும் நாசில புடிச்சுக்க ஒரு ஸ்பிரிங் இருக்கும், கேஸ் போற ஓட்டை டிப்ப மாட்டற ஹோல்டர்லயே இருக்கும், தனியா வெள்ளை வளையம் கிடையாது. நீங்க சொன்ன வளையம்தான் கேஸ் டிஃப்யூசர், அது 24லயும் 36லயும்தான் வரும். 84 மி.மீ. நாசில், டிஃப்யூசர், ரெண்டையும் சேத்துப் பாத்தா 36தான்.

இப்ப டிப் ஏன் செவக்குதுன்னு பாப்போம், கடைக்காரர் குடுத்தது 15 நம்பர் டிப்பா இருக்கணும்னு எனக்கு படுது. அதுவும் எம்6 (6 மி.மீ.) த்ரெட்தான், அதனால ஏறிடும், ஏறினதும் சரியா இருக்குன்னு நாமளும் நம்பிடறோம். ஆனா 15 டிப் 25 மி.மீ. நீளம், உடம்பு 6 மி.மீ. தடிமன். உங்களுக்கு வேண்டியது 28 மி.மீ. நீளம், 8 மி.மீ. தடிமன். ரெண்டையும் பக்கத்துல நிக்க வெச்சு பாருங்க, ஒண்ணு பென்சில் மாதிரி ஒல்லியா இருக்கும். அந்த ஒல்லி செம்புக்கு 1.2 வயருக்கு குடுக்கற கரெண்டோட சூட்ட இழுத்து ஹோல்டருக்கு அனுப்ப தெம்பு பத்தாது, சூடு ஏற ஏற செம்பு இளகி ஓட்டை கெட்டுப் போய் வயர் சரியா தொடாம உள்ளயே பொறி விடும், அப்பதான் ஒட்டிக்குது. கடைக்குப் போறப்ப "எம்6, 28 நீளம், 8 தடிமன், 1.2 வயர்"னு கேளுங்க, கம்பெனி பேர் சொல்லவே வேண்டாம். அதே 36 கன்னுல சிலதுக்கு எம்8, 30 மி.மீ. டிப்பும் வரும், ஹோல்டர் மாத்தியிருந்தா அப்படி இருக்கும், உங்களுது 28ங்கறதால எம்6 ஹோல்டர்தான்.

த்ரெட்ல சந்தேகம்னா டப்பாவுல கெடக்கற எம்6 நட்டு ஒண்ண எடுத்து பழைய டிப்புல கையாலயே சுத்திப் பாருங்க, முழுசும் வழுக்கிட்டு போகணும். வெர்னியர்ல 6க்கு கொஞ்சம் கீழ 5.9 பக்கம் காட்டும், அது சரிதான். 6.2, 6.3 பக்கம் காட்டினா அது கால் இஞ்ச் த்ரெட், ட்வெகோ மாதிரி அமெரிக்க டிசைன் பக்கம் தேடணும். டிப் எம்6ஆவே இருந்து 45 மி.மீ. நீளமா இருந்தா அது ஜப்பான் பானாசோனிக் டிசைன். எதுவா இருந்தாலும் ஸ்பேனர் போட்டு முறுக்கி ஏத்தாதீங்க தம்பி, நான் ஒரு பட்டறையில அப்படி ஏத்தி ஹோல்டர் த்ரெட்ட அழிச்சு, அன்னிக்கு முழுக்க வேலை நின்னு போன சங்கடம் இன்னும் ஞாபகம் இருக்கு.

சரி, செஞ்சவங்க பேரே வேணும்னா ஹேண்டில் ஸ்க்ரூவ கழட்டி உள்பக்கம் பாருங்க, பிளாஸ்டிக் அச்சுல சின்ன எழுத்தோ முத்திரையோ புடைப்பா இருக்கலாம். ட்ரிகர் சுவிட்ச்ல இருக்கற பேர நம்பாதீங்க, அது சுவிட்ச் செஞ்ச கம்பெனி. டிப்புல அடிச்ச பேரும் டிப் கம்பெனியுதுதான். யூரோ கனெக்டரும் சாட்சி ஆகாது, நடுவுல வயர், கேஸ், கரெண்ட் மூணும் போற அந்த கனெக்டர எல்லாரும் போடறாங்க, எந்த கன்னுக்கும் மாட்டிக்கலாம்.

ஒண்ணு மட்டும் கவனமா இருங்க. அசல் 36 கன் சிஓடூவுல 300 ஆம்பியர், மிக்ஸ் கேஸ்ல 270, அதுவும் 60 சதவீதம், அதாவது 10 நிமிஷத்துல 6 நிமிஷம் ஓட்டலாம்னு குடுத்தது. சிஓடூவ விட மிக்ஸ் கேஸ்ல கன் அதிகமா சூடாகும், அதான் அந்த குறைவு. பேரில்லாத கன்னுக்கு அந்த கணக்க அப்படியே போடக்கூடாது, உள்ள எவ்வளவு செம்பு போட்டிருக்காங்கன்னு நமக்கு தெரியாது. முதல்ல 200 ஆம்பியருக்குள்ள ஓட்டி, கன்னோட வளைஞ்ச நெக் ஹேண்டில்ல நுழையற எடத்துலயும் கனெக்டர் பக்கத்துலயும் கேபிள் எப்படி சூடாகுதுன்னு நிறுத்தி நிறுத்தி பாருங்க. கேபிள் மேல ஸ்கொயர் எம்எம் (உள்ள இருக்கற செம்போட குறுக்களவு) அச்சிட்டிருந்தா குறிச்சு வெச்சுக்கோங்க.

கேள்வி: அதே கன்னுல லைனர் (கேபிளுக்குள்ள வயர் போற குழாய்) சிவப்பு கலர்ல இருக்குங்க. இத வெச்சு கம்பெனி சொல்ல முடியுமா?

பதில்: முடியாதுங்க, கலர் வயர் சைஸுக்குத்தான். நீலம் 0.8 மாதிரி மெல்லிசு வயருக்கு, சிவப்பு 1.0, 1.2க்கு, மஞ்சள் 1.6க்கு. உங்களுக்கு 1.2ங்கறதால சிவப்பு சரியாத்தான் இருக்கு, ஆனா பழைய மெஷின்ல வந்த லைனர்ங்கறதால உருவி கீழ தட்டிப் பாருங்க, செம்புத் தூள் கொட்டினா ஏர் அடிச்சு சுத்தம் பண்ணுங்க, எங்கயாச்சும் மடங்கியிருந்தா புதுசு போட்டுடுங்க.