அம்மாவோடு பார்க்க எந்தப் படம்?

முதிய பெண் இணையரின் காதலைச் சொல்லும் படம் வேண்டும், அறுபதைக் கடந்த அம்மாவோடு பார்க்க வேண்டும், அழுதே தீர்க்கிற படமாக இருக்கக் கூடாது என்று கேட்டிருந்தீர்கள். அப்படியென்றால் ‘டூ ஆஃப் அஸ்’ (2019) இப்போதைக்கு வேண்டாம். அபாரமான பிரெஞ்சுப் படம்தான். ஆனால் எதிரெதிர் வீட்டில் இருக்கும் இருவரில் ஒருவர் பக்கவாதத்தில் விழுந்ததும், மற்றவர், விழுந்தவரின் பிள்ளைகள் கண்ணுக்கு வெறும் பக்கத்து வீட்டுக்காரி ஆகிவிடுகிறார். எனக்கே இரண்டு நாள் நெஞ்சு கனத்துக் கிடந்தது.

‘எ சீக்ரெட் லவ்’ (2020) ஆவணப்படத்தைப் போடுங்கள். அமெரிக்கப் பெண்கள் பேஸ்பால் லீகில் ஆடிய டெர்ரி டோனஹியூ, 1947இல் பாட் ஹென்ஷெலைச் சந்திக்கிறார். அறுபது ஆண்டுக்கும் மேல் குடும்பத்தாருக்கு அவர்கள் ‘தோழிகள்’ மட்டுமே. பழைய கடிதங்கள் வரும் இடத்தைக் கவனியுங்கள்: கையெழுத்து இருந்த அடிப்பகுதி மட்டும் கிழிக்கப்பட்டிருக்கும். யார் கையிலாவது சிக்கிவிட்டால்?

டெர்ரிக்குப் பார்கின்சன் நோய் என்பதால் கண் கலங்கும் இடங்கள் இதிலும் உண்டு, கல்யாணமும் உண்டு. பெரிய சண்டையெல்லாம் வீட்டை விற்றுவிட்டு முதியோர் இல்லத்துக்குப் போவதா என்பதில்தான். உங்கள் அம்மா அதில் கட்டாயம் ஒரு பக்கம் சேர்ந்துகொள்வார்.