மாமர நிழலில் பிளெக்டிராந்தஸ் பூக்காதது ஏன்?

மாமர நிழலில் வைத்த பிளெக்டிராந்தஸ் என்ற நிழல் விரும்பும் பூச்செடி பூக்கவில்லை, பிப்ரவரி கடைசியில் கத்தரித்தேன் என்கிறீர்களே, பூ வராததற்கு அதுதான் காரணமாக இருக்கும். பிளெக்டிராந்தஸ் இங்கே தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கம் இலையுதிர்காலத்தில், மார்ச் முதல் மே வரை, தண்டின் நுனியில் பூக்கும். மொட்டு வைக்கும் நுனிகளே போய்விட்டன. இனி ஆகஸ்ட் வாக்கில் வெட்டுங்கள்.

அப்புறம் ஒன்று பாருங்கள்: நண்பகலில் மாமரத்தடியில் வெயில் பொட்டுப் பொட்டாக விழுகிறதா? ஒரு பொட்டும் இல்லையென்றால், கணுக்கள் விலகி நெட்டையாக வளரும், பூவும் குறையும். தாழ்ந்த கிளை இரண்டை எடுத்துவிடுங்கள்.

வெட்டிய தண்டுகளைத் தூக்கி எறியாதீர்கள். நம் கற்பூரவள்ளிக்கு உறவுச்செடி இது, ஈரமண்ணில் செருகினாலே வேர்விடும்.

டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் உறைபனிக் கவலை இல்லை. உறைபனி விழும் உள்நாட்டு ஊரான பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கம் யாருக்காவது கொடுத்தால், பனி முழுதாக விட்டபிறகே வெட்டச் சொல்லுங்கள்.