தடவு, தடவு, தடவு

கேள்வி: பள்ளி விடுமுறையில் எங்கள் தோட்டத்திலிருந்து நாலு குடும்பம் சேர்ந்து, லாத்தா கிஞ்சாங் அருவிப் பக்கம் கூடாரம் போட்டு ஓர் இரவு தங்கப்போகிறோம். என் மகளுக்கு ஐந்து மாதம். கொசு கடிக்காமல் இருக்க எதைத் தடவலாம்? (ஒரு தாய், தாப்பா)

பதில்: 'தடவலாம்' என்ற சொல்லோடு எனக்குப் பழைய பகை. நம் வீடுகளில் பிள்ளைக்கு வயிறு உப்பினால் தடவு, சளி பிடித்தால் தடவு, தூங்காவிட்டால் தடவு. இதைக் கண்டித்து எழுதும்போதெல்லாம் "எங்கள் பாட்டி தடவித்தான் வளர்த்தார்" என்று கடிதம் வருகிறது. பாட்டி தடவியது தேங்காயெண்ணெய், விளக்கெண்ணெய். இன்று குப்பியில் வருகிற பல தைலங்களில் கற்பூரமும் மெந்தாலும் இருக்கின்றன. கற்பூரம் கலந்ததை இரண்டு வயதுக்குள் பூசவே கூடாது. தோல் வழியாக உள்ளே போகும். கைக்குழந்தை நாள் முழுக்கக் கையைச் சப்புவதால் வாய் வழியாகவும் போகும். வலிப்பு வரைக்கும் கொண்டுபோய் விடும். மெந்தால் நெடி மூக்கருகே பட்டால் மூச்சுத் திணறும். 'இயற்கை' என்று அட்டையில் போட்டு விற்கிற எலுமிச்சை யூக்கலிப்டஸ் எண்ணெயும் மூன்று வயது வரை ஆகாது.

டீட் (DEET) என்ற மருந்து உள்ள கொசு விரட்டியை இரண்டு மாதம் தாண்டிய குழந்தைக்குப் பூசலாம். 10 விழுக்காடு உள்ளது சுமார் இரண்டு மணி நேரம் தாங்கும். குழந்தை மேல் நேராகப் பீய்ச்சாதீர்கள். உங்கள் உள்ளங்கையில் எடுத்து, துணி மூடாத காலிலும் பிடரியிலும் மெல்லியதாகப் பூசுங்கள். முகம், கைவிரல், கீறல் உள்ள இடம் வேண்டாம். தூங்கவைக்கும் முன் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள்.

ஆனால் அம்மா, பூசுவதைவிட மூடுவதுதான் பெரிய காவல். முழுக்கை, முழுக்கால் பருத்திச் சட்டை; வெளிர் நிறமாக இருக்கட்டும். அடித்துணியும் ஜிப்பும் உள்ள குடை வலை வாங்குங்கள். ஐந்து மாதக் குழந்தை புரளும். கை வலையில் ஒட்டினால் கொசு வெளியிலிருந்தே குத்திவிடும். ஆகவே நாலு பக்கமும் ஒரு சாண் இடைவெளி வேண்டும். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு விடிந்ததும் பொழுது சாயும்போதும் கடிக்கும், மலேரியா பரப்பும் அனோபிலிஸ் இரவில். 2018 முதல் மலேசியாவில் மனித மலேரியா உள்ளூரில் தொற்றவில்லை. இப்போது இருப்பது, குரங்கிடமிருந்து கொசு வழியாக மனிதனுக்கு வரும் காட்டோரத்துக் குரங்கு மலேரியா. திரும்பி வந்த சில வாரங்களில் காய்ச்சல் கண்டால், காட்டில் தங்கியதை மருத்துவரிடம் முதலில் சொல்லுங்கள். கொசுவர்த்தியும் கரியடுப்பும் கூடாரத்துக்குள் கூடவே கூடாது.

அடுத்தது, நீங்கள் கேட்காத இடம். 2022 டிசம்பர் 16 அன்று விடியுமுன், சிலாங்கூரின் பத்தாங்காலியில் கூடாரங்களில் தூங்கிய 31 பேரை மண்சரிவு கொண்டுபோனது. மலைச்சரிவின் அடியில் படுக்காதீர்கள், ஆற்று மணல்திட்டிலும் படுக்காதீர்கள். மேலே மழை பெய்தால் கீழே வெயிலடிக்கும்போதே கெப்பாலா ஆயர், அதாவது ஆற்றில் திடீர் வெள்ளம், வரும். தண்ணீர் திடீரென்று கலங்கி, சருகும் சுள்ளியும் மிதந்து வந்தால் பாத்திரத்தை விட்டுவிட்டு மேடேறுங்கள். டுரியான் மரத்தடி வேண்டாம். செம்பனைக்குள்ளும் வேண்டாம்: உதிர்ந்த பழத்துக்கு எலி வரும், எலிக்குப் பின்னால் நாகம் வரும். பல தோட்டங்களில் அந்த எலியைப் பிடிக்கத்தான் கம்பத்தில் பெட்டி கட்டிக் கூகை வளர்க்கிறார்கள். இரவெல்லாம் நமக்காக வேட்டையாடும் அந்தப் பறவையை அபசகுனம் என்று கல்லெறிகிறவர்களைக் கண்டால் எனக்கு வயிறு எரிகிறது. அதன் முகத்தை ஒரு முறை டார்ச் இல்லாமல், நிலா வெளிச்சத்தில் பாருங்கள். வெள்ளை இதயம் போல இருக்கும். எலி மூத்திரத்தால் வரும் காய்ச்சலும் ஆற்றுத் தண்ணீரில் உண்டு. குழந்தையை அருவியில் முக்காதீர்கள், கொதித்தாறிய நீரில் துடைத்தால் போதும்.

ஏணை கட்ட ஆசை இருக்கும். ஆட்டிச் சமாதானப்படுத்தக் கட்டுங்கள். இரவுத் தூக்கத்துக்கு வேண்டாம். சேலை குழிந்தால் முகவாய் நெஞ்சில் இடித்து மூச்சுக்குழல் மடங்கும். காற்றடித்த மெத்தையிலும் அதே ஆபத்து. தட்டையான, கெட்டியான மெத்தையில் மல்லாக்கப் படுக்கவையுங்கள். தலையணை, போர்வை, தொப்பி எதுவும் வேண்டாம். குளிருகிறதா என்று கையைத் தொட்டுப் பார்ப்பது தப்பு, பிடரியைத் தொடுங்கள்.

தாய்ப்பால் என்றால் உங்களுக்குப் பாதி மூட்டை மிச்சம். மாவுப்பால் என்றால் 70 பாகை செல்சியஸுக்குக் குறையாத வெந்நீரில்தான் கரைக்கவேண்டும், மாவிலுள்ள கிருமி அதில்தான் சாகும். சாயங்காலம் ஊற்றிய பிளாஸ்க் நடுராத்திரிக்குள் ஆறியிருக்கலாம், அதனால் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கொதிக்கவையுங்கள். மணிக்கட்டில் சொட்டுவிட்டுப் பார்த்து, ஆறியபின் கொடுங்கள். குடித்து மிஞ்சியதைக் கொட்டிவிடுங்கள்.

வண்டியைச் சாலை பார்த்து நிறுத்துங்கள். குழந்தை இருக்கையைக் கழற்றி அந்த இடத்தில் பாத்திரம் அடுக்காதீர்கள். இரவில் மழை வலுத்தால் கூடாரத்தைப் பிரித்துக்கொண்டு நிற்கவேண்டாம். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வண்டியில் ஏறி வீட்டுக்கு வந்துவிடுங்கள். துணிமணியைக் காலையில் போய் எடுத்துக்கொள்ளலாம்.