ஹஜ்ஜுக்குப் போகும் வாப்பாவின் மாத்திரை டப்பா

கேள்வி: என் வாப்பாவுக்கு 67 வயது. பதினைந்து வருடமாகச் சர்க்கரை. இரவில் இன்சுலின் போடுகிறார், பிரஷர் மாத்திரையோடு நீர் பிரியும் மாத்திரையும் உண்டு. வருகிற மே மாதம் ஹஜ்ஜுக்குப் போகிறார். "கீழக்கரை வெயிலைப் பார்த்தவனுக்கு மக்கா வெயில் என்ன செய்யும்?" என்கிறார். பயமாக இருக்கிறது டாக்டர்.
- வாசகி, கீழக்கரை

பதில்: வாப்பாவின் பேச்சில்தான் ஆபத்து இருக்கிறது, சகோதரி. கீழக்கரையில் சட்டை நனைந்து முதுகோடு ஒட்டும். தாகம் எடுக்கும் முன்பே கை தண்ணீரைத் தேடும். மக்காவின் காற்று வறண்டது. வியர்வை வந்த வேகத்தில் காய்ந்துவிடும். 'வியர்க்கவே இல்லையே' என்று நினைத்துக்கொண்டிருப்பார், உடம்பிலிருந்து லிட்டர் கணக்கில் நீர் போயிருக்கும். 2024 ஜூனில் அங்கே வெப்பம் 51.8 டிகிரியைத் தொட்டது. அந்த ஹஜ்ஜில் 1,301 பேர் இறந்ததாகச் சவூதி அரசே சொன்னது.

எனக்கு முதல் கவலை அந்த நீர் மாத்திரை. வெயில் ஒரு பக்கம் நீரை இழுக்க, மாத்திரை இன்னொரு பக்கம் இழுக்கும். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். கிளம்ப ஒரு மாதம் இருக்கும்போதே மாத்திரை டப்பாவை அப்படியே எடுத்துக்கொண்டு உங்கள் டாக்டரிடம் போங்கள். அளவைக் குறைப்பதா, வாந்தி பேதி வந்தால் எதை எத்தனை நாள் நிறுத்துவது என்று ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். சர்க்கரைக்கு டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை இருந்தால் அதையும் கேளுங்கள். அதுவும் சிறுநீரைக் கூட்டும்.

சிறுநீர் அடர் மஞ்சளாகப் போனால் தண்ணீர் போதவில்லை. பேதி என்றால் ஓஆர்எஸ் பொடி. 'சர்க்கரை ஏறிடும்' என்று பயந்து அதைத் தள்ளிவைக்க வேண்டாம். ஒரு லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ்தான். டெட்ரா பாக்கெட்டில் வரும் தித்திப்புத் தண்ணீர் வேறு சமாச்சாரம், அது வேண்டாம்.

இன்சுலின் விமானத்தில் கைப்பையில்தான் போக வேண்டும். அங்கே வெளியில் எடுத்துப் போனால் ஈரத்துணி சுற்றிய பையில் வையுங்கள். நம் மண்பானைக் கணக்குதான், வறண்ட காற்றில் இன்னும் நன்றாகக் குளிரும். ஐஸ் கட்டியோடு ஒட்டி வைத்தால் உறைந்து கெட்டுவிடும்.

அடுத்து பாதம். ஹஜ் முடித்து வந்த ஒருவர் என் முன்னால் காலுறையைக் கழற்றினார். இரண்டு உள்ளங்காலிலும் கொப்புளம் உடைந்து சீழ். பள்ளி வாசலில் விட்ட செருப்பைக் காணவில்லை, ஹோட்டல்வரை வெறுங்காலில் நடந்திருக்கிறார். "சுடவே இல்லை டாக்டர்" என்றார். கஃபாவைச் சுற்றியுள்ள சலவைக்கல் சுடாது. வெளியே தார்ரோடு அப்படியல்ல. சர்க்கரையில் நரம்பு மரத்த காலுக்கு இரண்டும் ஒன்றுதான். செருப்பைத் துணிப்பையில் போட்டுத் தோளிலேயே மாட்டிக்கொள்ளச் சொல்லுங்கள். இரவு படுக்கும் முன் உம்மா அவர் உள்ளங்காலைப் பார்க்கட்டும்.

இஹ்ராமில், அதாவது ஹஜ்ஜுக்காகத் தைக்காத துணி உடுத்தியிருக்கும் நிலையில், ஆண்கள் தொப்பி போடக் கூடாது, குடைக்குத் தடையில்லை. கூடப் போகிறவர்களிடம் இதையும் சொல்லிவையுங்கள்: பேச்சு குழறினாலோ, ஆள் அடையாளம் தெரியாமல் விழித்தாலோ அது வெப்பத் தாக்கு. வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது, புரையேறும். நிழலில் படுக்கவைத்து உடம்பெல்லாம் தண்ணீர் தெளித்து விசிறுங்கள், அதே நேரம் ஆம்புலன்ஸுக்கு ஆள் அனுப்புங்கள்.

மூளைக்காய்ச்சல் (மெனிங்கோகாக்கல்) தடுப்பூசி கட்டாயம். போய் இறங்குவதற்குப் பத்து நாள் முன்பாவது போட்டிருக்க வேண்டும். மொட்டை போடப் புது பிளேடு. காய்ச்சாத ஒட்டகப்பால், யார் அன்பாகக் கொடுத்தாலும் வேண்டாம்.