டூப் போட்டா ஏமாத்தா?

அன்பு அண்ணை,
பழைய ஜேம்ஸ் பாண்ட் படங்களைத் திரும்பப் பார்த்துக்கொண்டிருக்கிறன். ஆக்டோபஸ்ஸியில எங்கட விஜய் அமிர்தராஜ், கேசினோ ராயல்ல ரிச்சர்ட் பிரான்சன் எண்டு கேமியோ லிஸ்ட் ஒண்டு போட்டு வச்சிருக்கிறன். இன்னும் ஆர் ஆர் தலை காட்டியிருக்கினம்? மற்றது, ரோஜர் மூருக்கு எல்லாத்துக்கும் டூப்பாமே. டாம் க்ரூஸ் மாதிரி தானே செய்யாம சனத்தை ஏமாத்தினதுதானே அது?
வாசகர், தெகிவளை

தம்பி,

கேமியோ கதையைச் சுருக்கமா முடிச்சிடுவம். அமிர்தராஜ் செய்தது கேமியோ இல்லை, முழு வேஷம், உதய்ப்பூரில ஆட்டோவில போகேக்க டென்னிஸ் ராக்கெட்டால வெளுக்கிறது அவர்தான். பிரான்சன் மயாமி எயார்போட் செக்கிங்கில நிக்கிறார், பிரிட்டிஷ் எயார்வேஸ் தங்கட பிளேன்ல போட்ட கொப்பியில அவரை வெட்டிப்போட்டாங்கள், வேர்ஜின் எயார்லைன் முதலாளி, போட்டிக் கம்பனிக்காரன் எல்லே. தயாரிப்பாளர் மைக்கேல் ஜி. வில்சன் கன பாண்ட் படத்தில வந்து போவார், தேடிப் பாருங்கோ. காணும்.

அந்த "ஏமாத்தினது" எண்ட சொல்லுக்குத்தான் இந்தப் பதில். 2025 ஜூலையில தமிழ்நாட்டில ஷூட்டிங்கில கார் ஸ்டண்ட் செய்யேக்க மோகன்ராஜ் செத்துப்போன வீடியோவைப் பார்த்ததில இருந்து மனசு சரியில்லை, நீங்கள் வந்து இப்பிடி எழுதுறீங்கள்.

நீங்கள் பார்த்த அதே ஆக்டோபஸ்ஸி, 1983. ட்ரெயின் சண்டை கதையில ஜேர்மனி, எடுத்தது இங்கிலாந்தில, நீன் வாலி (Nene Valley) ரயில்வேயில. மூருக்கு 55 வயசு கிட்ட. ட்ரெயின்ர பக்கத்தில தொங்கினது மார்ட்டின் கிரேஸ் எண்ட ஐரிஷ் மனுசன். முதலே பார்த்து வச்ச இடத்தைத் தாண்டி ட்ரெயின் ஓடிட்டுது, கரையில இருந்த சுவர் வந்து மனுசனில அடிச்சு இடுப்பெலும்பு உடைஞ்சு மாசக்கணக்கா ஆஸ்பத்திரி. பிறகும் 1985இல வந்த அடுத்த பாண்ட் படத்தில வேலை செய்தவர். ரெண்டு செக்கன் முகம் காட்டின பணக்காரன் உங்கட லிஸ்ட்டில இருக்கிறான், இந்த ஆள் எங்க?

க்ரூஸ் தைரியசாலி, அதில கதையே இல்லை. 2017இல லண்டனில கட்டிடத்துக்குக் கட்டிடம் பாயேக்க கணுக்கால் உடைஞ்சது, ஆள் சுகமாகுமட்டும் ஷூட்டிங் கிழமைக்கணக்கா நிண்டுது, அந்த ஷாட்டே மிஷன் இம்பாசிபிள் ஃபால்அவுட் படத்தில இருக்கு. ஆனா டூப்புக்குக் கால் உடைஞ்சா ஆரும் ஷூட்டிங்கை நிப்பாட்டிக் காத்திருக்கமாட்டாங்கள், அடுத்த நாள் வேற டூப் வருவான், அவ்வளவுதான்.

நாங்கள் கொட்டாஞ்சேனையில இருக்கேக்க எங்கட ஒழுங்கையில ஒரு அண்ணை, இங்க எடுத்த படங்களில ஹீரோவுக்குப் பதிலா விழுந்தெழும்பினவர். ஒருக்கா மாடியில இருந்து குதிக்கேக்க கீழ போட்ட வைக்கோல் போதாமப் போய் வலது தோள் போச்சு, படக்கம்பனி குடுத்த காசு மருந்தெண்ணைக்கும் காணாது. சேட் போடுறதெண்டா இடது கையால வலது கையைத் தூக்கிச் சேட்டுக் கைக்குள்ள விட்டுப்போட்டுத்தான் மற்றக் கை. படம் வந்த உடன ஒழுங்கைப் பெடியள் எல்லாரையும் கூட்டிக்கொண்டு போனவர், சீன் வரேக்க இருட்டுக்குள்ள எழும்பி நிண்டு "முதுகைப் பாருங்கோடா, அது நான்!" எண்டு கத்தினவர், பின்னால இருந்தவங்கள் இரு இரு எண்டு பேசினாங்கள். முகம் தெரிஞ்சா ஷாட் வீண், அதுதான் அவற்ற தொழில். எழுத்து ஓடேக்கையும் பேர் இல்லை.

இந்த மனுசனையோ தம்பி ஏமாத்துக்காரன் எண்டுறீங்கள்? ஆஸ்காரே ஸ்டண்டுக்கு விருது குடுக்கப்போறது 2028இலதான். இவ்வளவு காலமும் அவங்களுக்குக் கண் தெரியேல்ல, உங்களுக்குமா?

கோவிக்காதேங்கோ, ஆசையோட படம் பார்க்கிற ஆள் எண்டபடியாத்தான் பேசுறன். லிஸ்ட்டை அனுப்புங்கோ, கட்டாயம் போடுவன். ஆனா ஒவ்வொரு படத்துக்கும் நேர ஸ்டண்ட் செய்த ஆக்களிட பேரையும் தேடி எழுதுங்கோ, முதல்ல மார்ட்டின் கிரேஸ்.