திப்புவின் புலி இன்னும் உறுமுகிறதா?

கே: லண்டன் மியூசியத்தில் இருக்கும் திப்பு சுல்தானின் மரப்புலி இப்போதும் உறுமுமா? என் மகன் அங்கே படிக்கப் போகிறான். போய்ப் பார்க்கச் சொல்லலாமா? - வாசகி, ஆம்பூர்.

ப: தாராளமாகச் சொல்லுங்கள் அம்மா. விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியத்துக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது, மாணவனின் பர்ஸுக்கு நல்லது. ஆனால் உறுமலைக் கேட்க முடியாது. புலி கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது.

சிவப்புக் கோட்டுப் போட்ட வெள்ளைக்காரன் ஒருவன் மல்லாந்து கிடக்க, மேலே ஏறிக் கழுத்தைக் கவ்வுகிறது புலி. ஏறத்தாழ ஆறடி நீளம். பக்கவாட்டில் ஒரு கைப்பிடி. அதைச் சுற்றினால் உள்ளே துருத்திகள் காற்றை ஊத, புலி உறுமும், அவன் ஓலமிடுவான். அவனுடைய ஒரு கை மட்டும் ஏறி இறங்கும். மகனிடம் புலியின் விலாப்பக்கத்தைக் கவனிக்கச் சொல்லுங்கள். அங்கே ஒரு சின்னக் கதவு. உள்ளே தந்தக் கட்டைகள் வைத்த ஆர்மோனியம் போன்ற அமைப்பு. உறுமலோடு பாட்டும் வாசிக்கலாம்! வன்மத்திலும் ரசனை வைத்திருந்த மனிதர் திப்பு.

1799 மே 4-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்து திப்பு இறந்த பிறகு, அரண்மனையின் இசை அறையிலிருந்து எடுத்துப் போனது இது. 1808 முதல் கிழக்கிந்தியக் கம்பெனியின் லண்டன் அலுவலகத்தில் வைத்திருந்தார்கள். வருகிறவன் போகிறவன் எல்லாம் கைப்பிடியைச் சுற்ற, பக்கத்தில் நூலகத்தில் படிக்க உட்கார்ந்தவர்கள் சத்தம் தாங்காமல் புலம்பினார்களாம். இரண்டாம் உலகப் போரில் கூரை இடிந்து விழுந்து புலி துண்டு துண்டாகி, பிறகு ஒட்டப்பட்டது. இனி யாரையும் சுற்ற விடாததில் எனக்கு வருத்தமில்லை.

கே: திப்புவின் சிம்மாசனம் எங்கே? - வாசகர், தருமபுரி.

ப: உடைத்துப் பங்கு போட்டுவிட்டார்கள். அதிலிருந்த ஹுமா என்ற கற்பனைப் பறவையின் உருவம் இங்கிலாந்து அரச குடும்பத்தின் விண்ட்சர் கோட்டைக்கும், தங்கப் புலித் தலை ஒன்று வேல்ஸ் நாட்டின் போவிஸ் கோட்டைக்கும் போய்ச் சேர்ந்தன. போவிஸில் திப்புவின் பூப்போட்ட பருத்திக் கூடாரமும் இருக்கிறது. ராபர்ட் கிளைவின் மகன் எட்வர்ட் அப்போது சென்னை கவர்னர். பின்னாளில் போவிஸ் கோட்டை கிளைவ் குடும்பத்தின் வசமானது. அவர்கள் அந்தக் கூடாரத்தைத் தோட்ட விருந்துகளுக்குக் கட்டினார்கள். சிம்மாசனம் உடைந்ததைவிட எனக்கு எரிச்சல் தருவது இந்த விருந்துதான். அப்புறம், திப்பு படுக்கையறையில் வைத்திருந்த வாள் ஒன்று 2023-இல் ஏலத்தில் 1.4 கோடி பவுண்டுக்குப் போனது, கேட்டிருப்பீர்கள்.

கே: எங்களுக்கு லண்டன் போக வசதியில்லை. இங்கே பார்க்க எதுவும் மிச்சமில்லையா? - வாசகர், காஞ்சிபுரம்.

ப: உங்கள் ஊர்க் கதையே மிச்சமிருக்கிறது! மைசூருவுக்குப் பக்கத்தில் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவின் கோடைக்கால மாளிகை, தரியா தௌலத். அதன் மேற்குச் சுவர் முழுக்க ஓவியம். காஞ்சிபுரத்துக்கு அருகே பொள்ளிலூரில் 1780 செப்டம்பரில் கம்பெனிப் படை ஹைதர் அலியிடமும் திப்புவிடமும் உதை வாங்கியதை வரைந்திருக்கிறார்கள். கம்பெனிப் படையை நடத்திவந்த கர்னல் பெய்லி காயம்பட்டுப் பல்லக்கில் உட்கார்ந்திருக்க, வெடிமருந்து வண்டி வெடித்துச் சிதறுகிறது. இதே போரில் சிறைபட்டு ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ஏறக்குறைய நான்கு ஆண்டு கிடந்தவர்தான் பிரிட்டிஷ் அதிகாரி டேவிட் பெயர்ட். 1799-இல் கோட்டை மேல் ஏறிய படைக்குத் தலைமை தாங்கியவரும் அவரே. மேலே சொன்ன வாள் அவருக்குத்தான் தரப்பட்டது.

சுவர் என்பதால் கப்பலில் ஏற்ற முடியாமல்தான் இந்த ஓவியம் தப்பியது என்று நினைக்காதீர்கள். 1792-இல் ஆங்கிலேயர் ஸ்ரீரங்கப்பட்டணத்தை முற்றுகையிடும் முன் திப்புவே இதன்மேல் சுண்ணாம்பு பூசிவிட்டாராம். பிறகு, திப்பு இறந்தபின் மாளிகையில் குடியிருந்த பிரிட்டிஷ் தளபதி ஆர்தர் வெல்லஸ்லி, தன் நாட்டுப் படை தோற்ற படத்தைத் திரும்ப வரைய வைத்தார். ஆக, இன்று நாம் பார்ப்பது பழுது பார்த்த வண்ணம். உள்ளே திப்பு காலத்து நாணயம், ஆயுதம், படங்கள் கொஞ்சம் உண்டு. அதற்கு அரை மணி போதும். மிச்ச நேரத்தை வெளிச்சுவருக்குக் கொடுங்கள்.